சவுக்குக் கன்றும் ஒரு குடம் தண்ணீரும்

பஞ்சை மண்ணெண்ணெயில் நனைத்துப் பிழிந்து, வேப்பங்குச்சியின் நுனியால் துளைக்குள் செலுத்த வேண்டும். பிறகு ஈரக் களிமண்ணால் அதன் வாயை மூட வேண்டும். இதை நான் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். என் கணவரின் தங்கை சபுரா, தன் மகனை அடக்கிய கபரின் தலைமாட்டில் குந்தியிருந்தாள். நான் கொடுத்த பஞ்சைக் கையில் வைத்தபடி சவுக்கு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதை மரம் என்று சொல்வதும் மிகைதான். என் மணிக்கட்டளவு பருமன். உயரத்தில் மட்டும் எங்கள் இருவரையும் தாண்டியிருந்தது. முழங்கால் உயரத்தில் ஒரு துளை. அதன் கீழே, செம்பழுப்பு நிறத்தில், கேழ்வரகு மணிகள் போலப் புழுவின் எச்சம் மணலில் சிதறிக் கிடந்தது.

"மச்சி," என்றாள் சபுரா. "இதே மாதிரிதான் வெச்சிருந்தாங்க."

"எதை?"

"பஞ்ச. அவன் மூக்குல."

குளிப்பாட்டிக் கஃபன் துணி அணிவித்து, கடைசியாக முகத்தை மட்டும் திறந்து காட்டியபோது அவள் பார்த்தது அந்தப் பஞ்சைத்தான். அதில் அத்தரும் கற்பூரமும் இருந்தன. இதில் மண்ணெண்ணெய்.

"நீ களிமண்ண மட்டும் பூசு. பஞ்ச நான் வெக்கறேன்," என்று கையை நீட்டினேன்.

அவள் தரவில்லை. "வேணாம் மச்சி. அன்னிக்கு யாரோ வெச்சாங்க. இன்னிக்கு நானே வெச்சிக்கறேன்."

குச்சியை வாங்கினாள். காயத்துக்கு மருந்திடுபவளைப் போல மெல்ல உள்ளே தள்ளினாள். களிமண்ணைப் பூசி, கட்டைவிரலால் வழித்துச் சமமாக்கினாள். விரல் ரேகை அதில் பதிந்தது.

சுவருக்கு வெளியே

செங்கல்பட்டில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற கதையைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு பெண் மின்ரயிலில் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ரிட்டயர் ஆனப்புறம் என்ன பண்ணீங்க மேடம்?" என்று கேட்டார். "தண்ணீர் ஊத்தினேன்" என்றேன். மாடித் தோட்டம் என்று நினைத்துக்கொண்டு, தக்காளிச் செடியில் இலை சுருளுவதைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். அதற்குள் கூடுவாஞ்சேரி வந்து இறங்கிவிட்டார்.

நான் தண்ணீர் ஊற்றியது எங்கள் ஊர் மையவாடியில். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையிலிருந்து கிழக்கே பிரியும் சிற்றூர் அது. கடைசித் தெரு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், மார்பளவு மதிலுக்குள் இறந்தவர்கள் உறங்குகிறார்கள். என் கணவர் அங்கே இருக்கிறார். அவருக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் சபுராவின் ஒரே மகன் இர்ஃபானும் அங்கே போய்ச் சேர்ந்தான்.

அவன் பொத்தேரியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று தாயிடம் சொல்லிவிட்டு பைக்கில் புறப்பட்டான். கடற்கரைச் சாலையின் ஒரு திருப்பத்தில் லாரி. அதற்கு மேல் எழுதும் உரிமை அவன் தாய்க்கு மட்டுமே உண்டு. அவள் எழுதப் போவதில்லை.

எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் செல்லும் வழக்கமில்லை. ஆண்கள் கொண்டுபோய் அடக்கிவிட்டு வருவார்கள். நாங்கள் வீட்டில் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதுவோம். என் கணவர் போனபோது நான் அதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டேன். அவர் படித்துப் பாதியில் மடித்து வைத்த புத்தகங்கள் எனக்குப் போதுமாக இருந்தன. சபுராவுக்குப் போதவில்லை. வியாழக்கிழமைதோறும் மாலை அஸர் தொழுகைக்குப் பின் மதிலருகே போய் நிற்பாள். அங்கிருந்து பார்த்தால், முன்னாலிருக்கும் கபர் மேடுகளுக்கு அப்பால், இர்ஃபானின் தலைமாட்டு மீசான் கல்லின் மேல்விளிம்பு மட்டுமே தெரியும்.

அவளோடு நானும் நிற்பேன். எங்கள் வீடுகளில் அண்ணன் மனைவியை "மச்சி" என்பார்கள். பொத்தேரி ரயில்நிலையத்தில் கல்லூரிப் பையன்கள் ஒருவரையொருவர் விளிக்கும் அதே சொல்தான். இர்ஃபான் இதை வைத்தே என்னைக் கேலி செய்வான். "மாமி, எங்கம்மா உங்கள மச்சின்னு கூப்புடறப்பல்லாம் ரெண்டு பேரும் என் கிளாஸ்ல படிக்கற மாதிரியே இருக்கு."

ஊசி போன்ற ஒன்று

சவுக்கை ஊசியிலை மரம் என்று விடைத்தாளில் எழுதாத மாணவியே என் பணிக்காலத்தில் இல்லை. பழி அவர்கள்மீது இல்லை. பார்வைக்கு அது மலைநாட்டுப் பைன் மரத்தின் ஏழைத் தங்கையைப் போலவே இருக்கும். காயும் சிறு கூம்பு போலிருக்கும். உண்மையில் நாம் ஊசியிலை என்று எண்ணுவது கணுக்கணுவாகக் கோத்த மெல்லிய பச்சைத் தண்டு. ஒவ்வொரு கணுவிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இலைகள் ஒட்டியிருக்கும்.

அந்தக் கணுக்களை வைத்து இந்தக் கடற்கரையில் ஒரு விளையாட்டு உண்டு. ஊசியை ஏதேனும் ஒரு கணுவில் இழுத்துப் பிரித்து, மறுபடி பொருத்திவிட வேண்டும். எந்த இடத்தில் பிரித்தது என்று எதிராளி சொல்ல வேண்டும். சிறுவனாக இருந்தபோது இர்ஃபான் என்னை இதில் ஓயாமல் தோற்கடிப்பான். "காலேஜ் டீச்சராம், மரம் பத்திப் பாடம் எடுக்கறாங்களாம்," என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவான்.

மையவாடிக்கும் கடலுக்கும் இடையே அப்போது பெரிய சவுக்குத் தோப்பு இருந்தது. காற்று அதில் நுழையும்போது எழும் இரைச்சலைக் கடலின் ஓசையிலிருந்து பிரித்தறிய முடியாது. ஒரு புயல் அந்தத் தோப்பை ஒரே இரவில் படுக்க வைத்தது.

குடம் இருந்தால் கதவு திறக்கும்

தோப்பு போன பின்புதான் அது அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது என்பது விளங்கியது. அடுத்த கோடையில் கடற்காற்று வீசியபோது கபர்களின் மேல்மண் பறக்கத் தொடங்கியது. மேடுகள் தணிந்தன. ஒரு பழைய கபரில், குழியை மூட வைத்த பலகையின் விளிம்பே வெளியே தெரிந்தது. யாருடைய கபர் என்று சொல்லக்கூட ஆளில்லாத கபர் அது. ஆனாலும் அன்று ஊரில் பல வீடுகளில் உலை வைக்கவில்லை.

புதிதாகச் சவுக்கு நடுவதென்று பள்ளிவாசல் ஜமாத் முடிவு செய்தது. மையவாடியின் பொறுப்பு காதர் பாயிடம் இருந்தது. சாலைமுனையில் இரும்புக் கடை வைத்திருந்தவர். சிமென்ட், கயிறு, கம்பி, சாரத்துக்கான சவுக்குக் கம்பு எல்லாம் அவரிடம் கிடைக்கும். கன்றுகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். மதிலுக்கு வெளியே கடல் பக்கம் வரிசை வரிசையாக நடுவதே ஏற்பாடு.

அங்கேதான் எங்கள் ஊர் தனக்கேயுரிய தவறைச் செய்தது. கபரின்மேல் பச்சையாக ஒன்று இருந்தால், அது காயும்வரை தஸ்பீஹ் சொல்லி இறைவனைத் துதித்துக்கொண்டிருக்கும், கீழே இருப்பவரின் பாரம் அதனால் குறையும் என்பது எங்கள் நம்பிக்கை. வண்டியில் வந்த கன்றுகளைப் பார்த்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் தன்னுடையவரின் நினைவு வந்துவிட்டது. ஆளுக்கொன்றாக எடுத்துப்போய்த் தலைமாட்டில் நட்டார்கள். கடல் பக்கத்து வரிசைகளுக்கு எஞ்சிய கன்றுகள் போயின. தன் தந்தையின் கன்றுக்கு ஊற்றிய குடத்தில் ஒரு கை நீரையும் யாரும் அந்த வரிசைக்குத் தரவில்லை. மணலைத் தடுக்க வேண்டிய கன்றுகள் முதல் வெயிலிலேயே கருகின. துதிக்க வேண்டிய கன்றுகள் செழித்தன.

அவற்றுக்கும் நாள்தோறும் தண்ணீர் வேண்டுமே! ஆண்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். சிலர் அணுமின் நகரியத்தில், சிலர் சென்னைக் கடைகளில், சிலர் வளைகுடாவில். காதர் பாய் தாடியைத் தடவியபடி நெடுநேரம் யோசித்தார்.

"இன்னா பண்றது டீச்சர், தண்ணி ஊத்தற வேலைக்கின்னு வந்தா தப்பில்ல. குடத்தோட வர்றவங்க உள்ள போங்க. கைய வீசிகினு வர்றவங்க வெளியவே நில்லுங்க. ஒப்பாரி கிப்பாரி கூடாது."

இப்படித்தான் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்தக் கதவு திறந்தது. மறுநாளே சபுரா எவர்சில்வர் குடத்தோடு வந்து நின்றாள். மகனை அடக்கிய இடத்தை அன்றுதான் முதன்முதலாக அருகே பார்த்தாள். அழவில்லை. கன்றின் அடியில் கையால் பாத்தி கட்டி, குடத்தைச் சரித்து, நீர் முழுவதும் இறங்கும்வரை காத்திருந்தாள். மணலில் நீர் இறங்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? அவள் மிக மெதுவாக ஊற்றினாள்.

வெள்ளைப் பூச்சி

இரண்டு மழைக்காலம் கன்றுகள் நன்றாகவே வளர்ந்தன. பிறகு ஒரு நாள் மாலை, சபுரா வெகுநாள் கழித்து முகம் தெளிந்து வீட்டுக்கு வந்தாள்.

"ஒரு வெள்ளைப் பூச்சி மச்சி. ரெக்கையெல்லாம் மை தெளிச்ச மாதிரி புள்ளி. இர்ஃபான் மரத்தக் கட்டிப் புடிச்ச மாதிரி உக்காந்திருக்கு. நான் கிட்டப் போயும் பறக்கல. வெரட்ட மனசு வரல."

வெண்சிறகில் கருநீலப் புள்ளிகள். ஆய்வகத்தின் கண்ணாடிப் பேழையில் பல ஆண்டுகள் அதை ஊசியில் குத்தி வைத்திருந்தவள் நான். மரப்பட்டையின் பிளவுகளில் முட்டையிடும் அந்துப்பூச்சி. முட்டையிலிருந்து வரும் சிவந்த புழு இளந்தண்டைத் துளைத்து உள்ளே போய், நடுவே சுரங்கம் வெட்டியபடி மாதக்கணக்கில் தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் மரம் பச்சையாகவே நிற்கும்.

அன்றே அவளிடம் சொன்னேன். எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் அது அந்தச் செய்திதான்.

"உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு பேர் தெரியும் மச்சி," என்றாள். "நல்லதா ஒண்ணு வந்து உக்காந்தாக்கூட அதுக்கும் ஒரு பேர் வெச்சிருப்பீங்க."

சில வாரங்களில் துளைகள் தெரிந்தன. பஞ்சும் மண்ணெண்ணெயுமாக நாங்கள் இறங்கியது அப்போதுதான். இரண்டு பெண்களால் எத்தனை மரத்துக்குப் பஞ்சு வைக்க முடியும்? ஒன்றை மூடினால் பக்கத்துக் கபரில் இரண்டு திறந்தன.

பச்சையும் காய்ந்ததும்

காதர் பாயின் கடைக்குப் போனேன். அவர் ஒரு கம்பிச்சுருளை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"புழு இருக்கற மரத்தையெல்லாம் அடியோட வெட்டி, வெளிய கொண்டுபோய்க் கொளுத்தணும் பாய். இல்லன்னா ஒண்ணும் மிஞ்சாது."

"காஞ்சத வெட்டிடலாம் டீச்சர். அதுக்கு இன்னா?"

"காஞ்சதுல புழு இல்ல. அது பூச்சியாகிப் பறந்து போயாச்சு. பச்சையா நிக்குது பாருங்க, அதுலதான் இருக்கு."

தராசை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா சொல்றீங்க? பச்சையா கீறத வெட்டணும், காஞ்சத வுட்டாலும் பரவால்ல. அதானே? மையவாடில பச்சை மரம் தஸ்பீஹ் பண்ணிகினு கீது. அத வெட்டுன்னு நான் சொல்லிட்டா, நாளைக்கு என் மய்யித்த எவன் தூக்குவான்?"

அவர் பேச்சில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வழக்கம் வெட்ட அனுமதித்த மரம் வெறும் கூடு. வெட்டியே ஆக வேண்டிய மரத்தின்மேல் யாரும் கை வைக்கத் துணியவில்லை. ஜமாத் கூடிப் பேசியது. காய்ந்ததை அகற்றலாம், பச்சையைத் தொடக்கூடாது என்று முடிவாயிற்று. அதன்படி ஒவ்வொரு மரமாகக் காயக் காத்திருந்து வெட்டினார்கள். அதற்குள் அந்துப்பூச்சி அடுத்த மரத்துக்குப் போயிருந்தது.

ஐப்பசிக் காற்று எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. துளைத்த இடத்திலேயே மரங்கள் முறிந்தன. வேரோடு சாய்ந்த சில, கபரின் மண்ணையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தன. மழை நின்ற காலை, சபுரா குடத்தோடு போனவள் நிறைகுடத்தோடே திரும்பி வந்தாள். தண்ணீர் ஊற்றவில்லை.

"பக்கத்துக் கபருல மரம் சாஞ்சி குழி ஆகிப் போச்சு மச்சி. உள்ள பாக்கக்கூடாதுன்னு நெனச்சேன். பாத்துட்டேன்."

அண்ணனுடையது

அதன் பிறகு ஜமாத் சற்று இறங்கி வந்தது. அவரவர் மரம், அவரவர் முடிவு. வெட்டச் சொல்கிறவர்கள் வெட்டிக்கொள்ளலாம். பூச்சி ஒழிந்தபின் கடல் பக்கம் மட்டும் புதிதாக நடலாம். உள்ளே இனி எதுவும் வேண்டாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தின் பொருள் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் கேட்டவுடனே புரிந்தது.

"மரம் போனா குடம் எதுக்கு?" என்றாள் சபுரா. அடுப்பின்மேல் பால் பொங்கிக்கொண்டிருந்தது. இறக்க மறந்தாள். "குடம் இல்லன்னா கேட்ட எதுக்குத் தொறக்கப் போறாங்க? மறுபடி மதிலுக்கு வெளிய. கல்லோட நுனியப் பாத்துக்கினு."

நான் அவளை வற்புறுத்தவில்லை. என் கணவரின் மரத்தை வெட்டும்படி ஏழுமலைக்கு மட்டும் சொல்லி அனுப்பினேன். தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துக் கம்பு வெட்டுகிறவர் அவர்.

மறுநாள் சபுரா கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தாள். "அண்ணனோடத வெட்டச் சொல்லிட்டீங்களாமே? ஒரு வார்த்த என்கிட்ட கேட்டீங்களா? எனக்கு அவர் அண்ணன்தானே?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன்தான்." நாற்காலியில் அமர்ந்தாள். என் கணவரின் நாற்காலி. கைப்பிடியில் அவர் விரல் தேய்த்து வழுவழுப்பாக்கிய இடத்தை அவளும் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்து, "இர்ஃபானோடதையும் நாளைக்கே வெட்டச் சொல்லுங்க," என்றாள். "அவன் கபரு பலகை வெயில்ல தெரியறதுக்குப் பதிலா நான் வெளியவே நின்னுக்கறேன்."

ஏழுமலை காலையில் வந்தார். செருப்பை மையவாடி வாசலில் விட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். என் கணவருடையதை முதலில் வெட்டினார். நானும் சபுராவும் மதிலருகே பார்த்துக்கொண்டு நின்றோம். அரிவாள் விழுந்த ஓசை எனக்கு எதிர்பார்த்ததைவிடச் சிறியதாகக் கேட்டது.

பிறகு இர்ஃபானுடையது. வெட்டிய தண்டை வெளியே எடுத்துவந்து, நீளவாக்கில் பிளந்து காட்டினார்.

"இந்தாம்மா, நீ வெச்ச பஞ்சு அப்பிடியே கீது பாரு. உள்ள கீற புழு செத்துப் போச்சு. வேலைய நல்லாதான் செஞ்சிக்கீற."

சபுராவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. ஏழுமலை பிளவை இன்னும் மேலே விரித்தார். அங்கே வேறொரு சுரங்கம். அதில் சிவப்பாக, ஈரமாக, உயிரோடு ஒன்று சுருண்டது.

"மேல இன்னொண்ணு பூந்துகினு கீது. அதுக்கு இன்னா பண்ணுவ? உன் கை எட்டாதே."

சபுரா குனிந்து, விழுந்த கிளையிலிருந்து ஒரு ஊசியைக் கிள்ளினாள். கணுவில் இழுத்துப் பிரித்தாள், பொருத்தினாள், என்னிடம் நீட்டினாள். நான் உற்றுப் பார்த்தேன். வழக்கம்போல எனக்குத் தெரியவில்லை.

தழைக்குமா?

அடுத்த வியாழன் சபுரா வெறுங்கையோடு மதிலருகே போய் நின்றாள். நானும் நின்றேன். உள்ளே அடிக்கட்டைகள் மணலிலிருந்து விரலுயரம் நீட்டிக்கொண்டிருந்தன. மரங்களில்லாத மையவாடி முன்பைவிடச் சிறியதாகத் தெரிந்தது.

காதர் பாய் கடையிலிருந்து வந்தார். சாவிக்கொத்து கையில் இருந்தது. சபுராவைப் பார்த்தார், அவள் கைகளைப் பார்த்தார்.

"இன்னாம்மா, குடம் எங்க?"

"எதுக்கு பாய்? மரம்தான் இல்லையே."

அவர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த பூட்டைப் பார்த்தபடி கேட்டார்:

"டீச்சர், நீங்க படிச்சவங்க. வெட்டுன சவுக்குக் கட்டை தழைக்குமா?"

நம் கடற்கரைச் சவுக்கை அடியோடு வெட்டினால் அநேகமாக மறுபடி தழைக்காது. அதனால்தான் அறுவடைக்குப் பின் வேரையும் தோண்டியெடுத்து விறகுக்கு விற்றுவிட்டுப் புதுக்கன்று நடுகிறார்கள். இதை நான் வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். தலைமுறை தலைமுறையாகச் சவுக்குக் கம்பு விற்கும் குடும்பத்தில் பிறந்தவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

"தண்ணி ஊத்திப் பாத்தாதான் தெரியும் பாய்," என்றேன்.

அவர் பூட்டைத் திறந்தார். "அப்போ போயி குடத்த எடுத்துகினு வாம்மா. நின்னுகினே இருந்தா? அஸர் முடிஞ்சி இம்மா நேரம் ஆவுது."

சபுரா வீட்டை நோக்கி நடந்தாள். தெரு முனையில் நடை வேகமாயிற்று.

அதன்பின் ஒரு கோடை போய்விட்டது. கடல் பக்கம் நட்ட புதுவரிசைக்கும் இப்போது பெண்கள்தான் ஊற்றுகிறார்கள். உள்ளே போய்விட்டு வரும் வழியில், மீதமிருந்தால். அதில் சில கன்றுகள் பிடித்திருக்கின்றன. சிலவற்றின் அடியில் கேழ்வரகு நிறத்தில் சிதறலைப் பார்த்தேன்.

இர்ஃபானின் அடிக்கட்டை வெளுத்து, நடுவே வெடித்துவிட்டது. சென்ற வியாழனும் சபுரா அதைச் சுற்றிப் பாத்தி கட்டினாள். குடத்தை மெதுவாகச் சரித்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்ல மச்சி?" என்றாள், என்னைப் பார்க்காமலே.

"பாக்கலாம்," என்றேன்.

தண்ணீர் மணலில் இறங்கியது. அவள் குடத்தை நிமிர்த்தாமல் கடைசிச் சொட்டுவரை காத்திருந்தாள்.